மருமகளை அழவைப்பான்

அந்த உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும். பெரு நாட்டு ஹுவான்காவெலிகா மலையில் அதன் பெயரே ‘மருமகளை அழவைப்பான்’. கல்யாணம் பேசுமுன் வரப்போகிறவள் கையில் அதைக் கொடுத்துத் தோல் சீவச் சொல்வார்கள். தோலோடு சதை போனால் சம்பந்தமும் போச்சு.

மகன் வில்மெர் கூட்டி வந்த நெலிடாவுக்கு, இருப்பதிலேயே கோணலாக ஆறு கிழங்கு பொறுக்கிக் கொடுத்தாள் தியோஃபிலா. நெலிடா ஹுவான்காயோ டவுனில் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கை தோல் சீவுமா? சீவாது என்று தியோஃபிலா முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள்.

“எதுக்கு அத்தை, அவிக்கவா?”

“பிரட்டலுக்கும்மா. ஒயூக்கோக் கிழங்கும் உப்புக்கண்டமும் அந்தா இருக்கு.”

தியோஃபிலா முற்றத்துக்கு வந்து சோளம் உதிர்த்தாள். காது மட்டும் அடுப்படியில் இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வரும் என்று பார்த்தால், படக் படக்கென்று ஏதோ ஒடிகிற ஓசை. கூடவே பாட்டு வேறு.

“என்னடா பண்றா உள்ளே?”

“நீதானேம்மா எட்டிப் பாக்கக் கூடாதுன்னே? நான் நகத்தைக் கடிச்சு முடிச்சாச்சு, இனி விரல்தான் பாக்கி” என்றான் வில்மெர்.

தியோஃபிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பு எடுக்க வந்தவளைப் போல உள்ளே நுழைந்தாள். சட்டியில் வெங்காயமும் மஞ்சள் மிளகாயும் வதங்கிக்கொண்டிருந்தன. ஒயூக்கோ தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருந்தது. பலகையில் அந்த ஆறு கிழங்கையும் காணோம். நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக ஒரு குவியல்தான் கிடந்தது. தோல் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபக்கம் தெரிந்தது.

“முழுசாச் சீவணும்டி! உடைக்கலாமா?”

“பிரட்டலுக்கு எப்படியும் நறுக்கத்தானே போறோம்? முடிச்சு முடிச்சா ஒடிச்சிட்டா ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கிழங்கு. அதான் கேட்டேன், அவிக்கவான்னு. தப்பா அத்தை?”

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இதே அடுப்படியில், இதே பிரட்டலுக்குத்தான், கட்டைவிரலில் ரத்தம் சொட்ட முழுசாகச் சீவினாள் தியோஃபிலா. மாமியார் வாசலில் நின்று சிரித்தாள். என்ன சமையல் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்கலாம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“ஐயோ, வெங்காயமா அத்தை?”

“இல்லடி, கிழங்கு” என்றாள் தியோஃபிலா. “டேய் வில்மெர், உள்ளே வா. இவ அப்பாவை எப்போ வந்து பாக்கலாம்னு கேளு.”