ஏழாம் பிளாக்கின் பெருக்கெண்

ஏற்காட்டுக் குளிரில் ஏசி போட்டுக்கொண்டு நடுங்கிய பெருமை எங்களுக்கே உண்டு. 1988 செப்டம்பர். உயிரியல் படித்தவர்களுக்குக் கணித மாதிரியும் கம்ப்யூட்டரும் சொல்லித்தரும் ஒரு வாரப் பயிற்சி அது. ஏசி எங்களுக்கல்ல, கம்ப்யூட்டருக்கு. அதற்குக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"உயிர் என்பது ஒரு சமன்பாடு, கிருஷ்ணம்மாள்!" என்பார் இயக்குநர் தேவசிகாமணி. சேலத்தில் விலங்கியல் முடித்த எனக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாதிரி செய்துவிட்டேன்.

கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஏழாம் பிளாக் ரெஜிஸ்டரைக் கொடுத்திருந்தார்கள். காப்பித் தண்டைத் துளைக்கும் பூச்சி, நூறு செடியில் ஒரு வருடம் ஐம்பதைப் பிடித்திருந்தது. அடுத்த வருடம் இருபது, அதற்கடுத்து எட்டு. 0.4 ஆல் பெருக்கினால் அடுத்த எண் வந்துவிடுகிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு வருடங்களை ஓட்டினேன். மூன்று, ஒன்று, பூஜ்யம். பிரிண்டர் கறகறவென்று கோட்டைக் கீழே இறக்கியது.

அன்று மாலை சிறப்பு விருந்தினராக வந்திருந்த அந்த எஸ்டேட்டின் மேனேஜர் காளியண்ணன் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"பூச்சி தானாச் சாகுதுன்னா, செடிப்பட்டையத் தேய்க்க எதுக்குங்க முப்பது பொம்பளைங்க? திங்கக்கெழமையிலிருந்து வேண்டாமுங்க."

விஞ்ஞானம் மக்களைச் சென்றடைந்துவிட்டதாக இயக்குநர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

சனிக்கிழமை காலை, கையில் தேங்காய் நாரோடு பாவாயி வாசலில் நின்றார். அந்த முப்பது பேரில் ஒருவர்.

"ஏனுங்க அம்மிணி, காப்பி எடுக்கற வரைக்கும் எங்களுக்கு இது உட்டா வேற வேலை இல்லீங்க. நாங்க பட்டையத் தேய்ச்சு வழவழன்னு ஆக்குறதாலதானுங்க பூச்சிக்கு முட்டை வெக்க எடமில்லாமப் போகுது. அந்தப் பொட்டிக்கு அதைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் அதற்கு ஒரு பத்தியே இல்லை.

"ஆளு பத்தாம எட்டாம் பிளாக்கை மூணு வருசமாத் தேய்க்கலீங்க. அதைப் போய்ப் பாருங்க."

எட்டாம் பிளாக் ரெஜிஸ்டர் கம்ப்யூட்டர் மேசையின் காலுக்கு அடியில் இருந்தது, மேசை ஆடாமலிருக்க. உருவிப் பார்த்தேன். பத்து, முப்பது, தொண்ணூறு. வருடத்துக்கு மூன்று மடங்கு. வெட்கத்தோடு அதை இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சு. மாதிரி தப்பென்று ஒரு வார்த்தை வரக் கூடாது," என்றார் இயக்குநர்.

எரிச்சலை விழுங்கிக்கொண்டேன்.

"மாதிரி சரிதான் சார். ஆனால் தேய்க்காமல் விட்டால் எட்டு, அடுத்த வருடம் இருபத்துநாலு ஆகிவிடும். நீங்கள் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

ஏசி அறையில் அவருக்கு வேர்த்தது. உடனே மேனேஜருக்குப் போன் போட்டார். விஞ்ஞானத்தின் மானம் காக்க, முப்பது பேரும் தேய்த்தே ஆக வேண்டுமாம்.

திங்கட்கிழமை ஏழாம் பிளாக்குக்குப் போனேன். பாவாயி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி சொன்னது பொய்யாகிடக் கூடாதுன்னுதான் எங்களைக் கூப்புட்டாங்களாமா?"

"ஆமாங்க்கா."

விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப அதுக்கு வெச்ச குங்குமப் பொட்டை எங்க கைக்கில்லீங்க அம்மிணி வெச்சிருக்கோணும்?"

ஒரு நாரை வாங்கி நானும் தேய்த்தேன். இரண்டாவது செடியிலேயே உள்ளங்கை எரிந்தது.