கிரிண்டிலின் கிழங்கு

தன் சரக்கு ஏற்றும் கப்பலில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தாலும் என் கணவர் சீனாஸுக்குத் தூக்கம் வராது. எங்கள் தீவில் ஒரே கடை அவருடையது. குளிருக்கு முன் பாஸ்டன் போகும் கடைசிக் கப்பல் என்னை எதிர்க்கரையில் இறக்கிவிட வேண்டும் என்று பேச்சு. அங்கே என் மகள் கெசையாவுக்குத் தலைப்பிரசவம்.

கப்பல் தலைவர் எல்கானா காலையிலேயே வந்தார்.

"அண்ணே, காத்து மாறுது. இப்பவே கிளம்பிடணும்."

"தோட்டக்காரன் கிரிண்டிலோட இருபது பீப்பாய் உருளைக்கிழங்கு வரட்டும்ப்பா. ஏத்துறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"வாக்கா, பாஸ்டன்ல கிழங்கு விலை ஏறினதா?" என்றேன்.

"ரெண்டுந்தான். ரெண்டு நாள்ல என்னடி ஆயிடும்?"

மூன்றாம் நாள் பீப்பாய்கள் வந்தன. அன்று விடியும்போதே இரு கரைக்கும் நடுவிலிருந்த வளைகுடா உறைந்திருந்தது. கடல் ஏறி இறங்குவதால் அந்தப் பனி கெட்டிப்படாது; நடந்தால் உடையும். படகு விட்டால் பலகையைக் கிழிக்கும். மூன்று மைலுக்கு அப்பால் மகள் வீட்டுப் புகை தெரிந்தது.

"அந்தக் கிழங்கு ஒண்ணுகூட என் அடுப்புல ஏறாது" என்று சொல்லிவிட்டேன்.

வரும் கப்பலை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்து விலை பேச, சீனாஸ் மாடியில் தூரக்கண்ணாடி வைத்திருந்தார். அதைப் பிடுங்கிக்கொண்டேன். பிள்ளை உயிரோடு பிறந்தால் கொட்டகைச் சுவரில் வெள்ளை விரிப்பு தொங்கவிடுவது எங்கள் கரைகளில் வழக்கம். டிசம்பர் நடுவில் அது தொங்கியது.

"பாத்தியா, பேரப்புள்ளை பொறந்துடுச்சு" என்று சீனாஸ் சிரித்தார்.

"புள்ளை சரி. பெத்தவ?"

தாயைப் பற்றிச் சொல்ல எங்களிடம் எந்தத் துணியும் இல்லை.

திங்கள்கிழமை எல்லா வீட்டிலும் துணி துவைப்பார்கள். அந்தத் திங்கள் மகள் வீட்டுக் கொடியில் துணிகள் கோணலாக, கன்னாபின்னாவென்று கிடந்தன. மருமகன் கை. அடுத்த திங்களும் அப்படியே. மூன்றாவது திங்கள் கொடியே வெறுமையாக இருந்தது. அந்த வாரம் நான் கீழே இறங்கவில்லை. சீனாஸ் செங்கல்லைச் சூடாக்கி என் காலடியில் வைத்துவிட்டுப் போவார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

நான்காவது திங்கள் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பெரிய விரிப்புகள் ஓரம், பிறகு சட்டைகள், கடைசியில் சின்னஞ்சிறு துணிகள். உயரம் பார்த்து வரிசையாக. நான் கெசையாவுக்கு ஏழு வயதில் கற்றுக்கொடுத்த வரிசை.

"என்னங்க, இங்க வாங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணிலிருந்து கண்ணாடியை எடுக்காமலே அழுதார்.

பனி உருக இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் கிரிண்டிலின் கிழங்கை வேகவைத்தேன்.