என்னை யார் பெயரில் காட்டுவது

என் மகன் வெங்கட்டுக்குத் தனக்கு ஒரு அப்பா இருப்பது நினைவுக்கு வந்தது வருமான வரியால்தான். ஏழு வருடம் துபாயில் வரியே கட்டாமல் சம்பாதித்துவிட்டு, இந்த ஆண்டுத் தொடக்கத்தில் சிங்கப்பூர் திரும்பினான். பொங்கோலில், காவலாளி நிற்கும் தனியார் அடுக்குமாடியான கொண்டோவில் வீடு வாங்கினான், இங்கேயே பெரிய வேலையிலும் சேர்ந்தான். அடுத்த வருடம் எவ்வளவு வரி வரும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோய், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கும் கணக்காளர் நாகூர் கனியிடம் ஓடியிருக்கிறான். துபாய்ப் பணத்துக்கு இங்கே வரி இல்லை, இங்கே வாங்கும் சம்பளத்துக்குக் கட்டித்தான் ஆகவேண்டும் என்று கனி சொல்லிவிட்டார். பிறகு, சலுகை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, அம்மா அப்பா யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம். இருக்கிறார் என்று அப்போதுதான் துரைக்கு உறைத்திருக்கிறது.

இல்லாவிட்டால் என்னையும் என் மகள் பாக்கியலட்சுமியையும் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு கடைக்கு மீன் தலைக் கறி சாப்பிட அழைத்திருப்பானா? ஊர் திரும்பிய பிறகு, செங்காங்கில் நான் இருக்கும் அவன் அக்கா பாக்கியா வீட்டுக்கு அவன் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு. எனக்குச் சர்க்கரை வியாதி என்பது அவனைத் தவிர எங்கள் புளோக்கில் எல்லாருக்கும் தெரியும்.

கறி மேசைக்கு வந்ததும் விஷயத்துக்கு வந்தான். பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைக்கு வரியில் சலுகை உண்டு. இத்தனை வருடம் என்னைத் தன் கணக்கில் காட்டி வந்தவள் பாக்கியா. காட்டாமல் என்ன செய்வாள்? சோறு போடுகிறவள் அவள், மருந்து வாங்குகிறவள் அவள், பாலிகிளினிக்கில் நம்பர் வரும்வரை என்னோடு உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். நான் செங்காங்கிலேயே இருக்கட்டும், செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பிவிடுகிறேன், ஆனால் கணக்கில் மட்டும் என்னைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றான் வெங்கட். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தான்.

"அக்கா, உன் சம்பளத்துக்கு டாக்ஸ் ரேட் கம்மி. அப்பாவ உன் பேர்ல போட்டா கொஞ்சம்தான் மிச்சமாகும். என் பேர்ல போட்டா நிறைய மிச்சமாகும் லா. ஃபேமிலியா பாத்தா அதான் லாபம்."

அதாவது, மகளிடம் இருந்தால் நான் மலிவு, மகனிடம் போனால் விலை கூடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே முடி நரைத்தவன் நான். எந்தக் கண்டெய்னரை எந்தக் கப்பலில் ஏற்றினால் லாபம் என்று பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே யாரும் கண்டெய்னரை எதிரில் உட்காரவைத்து, சோறு வாங்கிக் கொடுத்துப் பேசியதில்லை.

பாக்கியா எழுந்து சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முழுசாகத் தர முடியாது, வேண்டுமானால் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றாள். அவள் பாதிப் பாதி என்றாள், அவன் எழுபது முப்பது என்றான். கடைசியில் அறுபது நாற்பதில் வந்து நின்றார்கள். மீன் கண் யாருக்கு என்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு பேரம் நடந்ததில்லை. அவள் பேசியதுதான் எனக்கு வலித்தது. அவனிடம் நான் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

என்னைப் பற்றி ஏதும் நிபந்தனை உண்டா என்று கேட்டேன். போனைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கென்று சொந்த வருமானம் வருடத்துக்கு ஒரு வரம்புக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் யாருமே காட்ட முடியாது என்றான். உடனே எனக்கு ஆறுதலும் சொன்னான்.

"அதெல்லாம் பிரச்சின இல்லப்பா. நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க."

மறுநாளே சேவியருக்குப் போன் செய்தேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் காவலர்களை வேலைக்கு அனுப்பும் பொறுப்பில் இருக்கிறான். வா வா என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பயிற்சி வகுப்புக்குப் போனேன், லைசென்ஸும் வந்தது. எந்த இடம் வேண்டும் என்று கேட்டான். பொங்கோல் என்றேன். கொண்டோவின் பெயரையும் சொன்னேன்.

பாக்கியாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நான் சம்பாதித்தால் அவளுக்கும் சலுகை போய்விடும். கோபமா என்று கேட்டாள். அவள்மேல் கொஞ்சம் கோபம், அவள் தம்பிமேல் இல்லை, கோபப்படுவதற்கும் ஆளுக்கு ஒரு தகுதி வேண்டும் என்றேன். அவள் என் யூனிஃபார்மை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

முதல் வாரமே ஒரு சாயங்காலம் வெங்கட்டின் கார் கேட்டுக்கு வந்தது. தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொல்லி, என் முகத்தைப் பார்க்காமலே கையை மட்டும் அசைத்தான். நான் திறக்கவில்லை. அப்புறம்தான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான்.

என்ன கோலம் இது, அனிதா பார்த்தால் என்ன நினைப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி அனிதா காலையிலேயே என்னைத் தாண்டித்தான் போனாள், போனையே பார்த்துக்கொண்டு போனதால் கவனிக்கவில்லை என்றேன். அதோடு அவமானம் அடங்கி, கணக்கு எழுந்துவிட்டது. மாசம் எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டான். சொன்னேன். அவன் உதடு அசைந்தது, வருடக் கடைசிக்குள் வரம்பைத் தாண்டுமா என்று கூட்டிப் பார்க்கிறான். கூட்டி முடித்ததும் குரல் குழைந்தது.

"அப்பா, இந்த வேலைய விட்டுடுங்க. எங்ககூடவே வந்து இருங்க."

இவன் அம்மா செத்தபோது துபாயிலிருந்தபடி வீடியோவில் அழுதான். அன்றைக்கு இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் செருப்புகூட மாட்டாமல் விமானம் ஏறியிருப்பேன். அப்போது சொல்லத் தோன்றாதவன் இப்போது சொல்கிறான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கேட்டில் நின்றபோதும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"எதுவரைக்கும்டா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "டிசம்பர் முடியிறவரைக்கும் இருந்தா போதும்பா. வருஷக் கணக்கு முடிஞ்சிரும்."

அவனுக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. தடுப்புக் கட்டையைத் தூக்கினேன்.

"உள்ள போங்க சார்," என்றேன். "பின்னால ஆள் நிக்கிறாங்க."