வடக்கு மூலை மண்

சுந்தரி குடவாசலில் பஸ் மாறி, ஆற்றுப்பாலத்தில் இறங்கி வயலுக்கு நடந்து வந்தபோது அதன் வடக்கு மூலையே இல்லை. அந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம் ஒன்று நீளமாக ஓடியது. எரிவாயுக் குழாய் பதிக்கத் தோண்டியது. கரையில் களிமண் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அவள் அம்மா எல்லையம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் அந்த மூலையில் அள்ளிய சேற்றில்தான் சுந்தரிக்குத் தன் ஆய்வுக்கான அமீபா கிடைத்தது. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் எட்டு மாதம் வளர்த்தாள். போன மாதம் குடுவைகளில் பூஞ்சை பிடித்து அத்தனையும் செத்துப்போயிற்று. ஆய்வுக்காலம் முடிய இன்னும் நான்கே மாதம். மறுபடி உயிருள்ள அமீபாவைக் காட்டாவிட்டால் கட்டுரையை ஏற்க மாட்டார்கள்.

"குழாய்க்கு எதிரா போராட்டம் நடக்குதுன்னுல்ல சொன்ன? எப்படிம்மா உள்ள விட்டீங்க?"

எல்லையம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இந்த அரை ஏக்கருக்காகக் கொடி பிடித்துப் போய், போலீஸ் தடியில் கை உடைந்தவர் அப்பா. சாகும்வரை அந்தக் கையை நீட்ட முடியவில்லை. நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த நிலத்துக்குப் பட்டா கேட்டுப் பதினோரு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தவள் அம்மா. அவளா?

"ரெண்டு வருஷமா மனு, கூட்டம், ஸ்டேஷன். முடியலடி. கம்பெனிக்காரன் பேனாவ நீட்டுனான், வாங்கிட்டேன்."

கோபம் வரும் என்று சுந்தரி காத்திருந்தாள். வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தச் சேத்துல?"

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சவ்வுலேருந்து சின்னச் சின்னப் பையா பிரிஞ்சு வரும்மா. இங்க செஞ்சத அங்க கொண்டு சேக்கும். பாக்டீரியாவுக்கு இந்த ஏற்பாடு கெடையாது. நம்ம மாதிரி உயிருங்களுக்கு இது எப்படி வந்துச்சுன்னுதான் தேடுறேன். அந்தப் பைக்கு மேல புரதத்தால ஒரு உறை உண்டு. ரொம்பப் பழைய உறை ஒண்ணு இந்த அமீபாகிட்ட அப்படியே இருக்கு."

"நம்மகிட்ட?"

"எப்பவோ இருந்து, போயிடுச்சு."

எல்லையம்மாள் எழுந்து மண்குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "மேமண்ணத்தான் மொதல்ல வெட்டிப் போட்டான். அது அடியில கெடக்கும்."

மண்டியிட்டு வெறுங்கையால் தோண்டினாள். மேலே எல்லாம் மஞ்சள் களி. ஒரு முழம் ஆழத்தில் கறுப்பு மண் வந்தது, அறுத்த நெல்லின் தாளும் வேரும் ஒட்டியபடி.

சுந்தரி தோள்பையிலிருந்து சிறு சீசாக்களை எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். அமீபா உயிரோடு இருக்கிறதா என்பது ஆய்வுக்கூடம் போனால்தான் தெரியும். பன்னிரண்டாவது சீசாவையும் மூடினாள்.

"போதும்மா."

எல்லையம்மாள் காதில் வாங்கவில்லை. நகக்கண்ணெல்லாம் சேறு ஏற, இன்னும் உள்ளே உள்ளே தோண்டிக்கொண்டிருந்தாள்.