ஊசியும் பலகையும்

1

ஒரு மனிதன் ஒரு நாள் முழுக்கத் தன் நினைவோடு இருப்பதற்கான விலை, ஒரு டீயின் விலையில் பாதி. அந்த விலைக்கு ஒரு மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது. காலையில் போட்டுக்கொண்டால் வலிப்பு வராது. தெருவில் விழுந்து கிடந்து, சுற்றி நிற்பவர்களின் செருப்புகளைப் பார்த்தபடி கண் விழிக்க வேண்டியதில்லை. நான் பேரம் பேசியே வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவன். சொன்ன விலையைக் கொடுப்பது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஆனால் இந்த விலையைக் குறைத்துக் கேட்க எங்கள் வீட்டிலேயே யாருக்கும் வாய் வராது.

கதை எனக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் தாமதமான ஒரு பிற்பகலில், ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குடுவை விற்கும் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொழில் பேச்சு ஓடியது. நடுவில், "சில பொடி இருக்கு சார், ஒரு தடவை வேற உருவம் எடுத்துடுச்சுன்னா பழைய உருவத்துக்குத் திரும்பவே திரும்பாது. பக்கத்துல இருக்கிற பொடியையும் தன் பக்கம் இழுத்துக்கும்" என்றார். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். எழுப்பிக் கேட்கலாமா என்று பார்த்தேன். குறட்டை பலமாக இருந்தது.

மிச்சமெல்லாம் நான் கட்டியது. அந்தப் பெண், அவள் தம்பி, அந்த மாத்திரை எல்லாமே. குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஆண்கள் மட்டுமே கோலோச்சிய அந்த ஆய்வுக்கூடத்தில் முதல் பெண்ணாக அவர் அடியெடுத்து வைத்தபோது, வரலாறு—"

வரலாறு என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. பணி நிறைவு விழாவில் கரகரக்கும் மைக்கில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது. தவிர, 'அவர்' என்று எழுதியதும் ஒவ்வொரு வாக்கியமும் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டது. ஆகவே 'அவள்'. மரியாதை குறையாது. குறைந்தால் அவள் செய்த வேலை அதை ஈடுகட்டிவிடும்.

இரண்டாவது தொடக்கம் தேறியது. மருந்து கம்பெனியின் நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டவர்கள், இந்தப் பக்கம் அவள் மட்டும். வேதியியலில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, அவளை மடக்க முடியாமல் கடைசியில் ஒருவர் குடும்ப விஷயத்துக்கு வந்தார். கல்யாணம் ஆகிப் போய்விட்டால், அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பரிசோதனையின் கதி என்ன?

"கொதிச்சுக்கிட்டே இருக்கும் சார்" என்றாள். "வீட்டுக்குப் போறப்ப யாராவது அணைச்சுட்டுப் போங்க."

கேட்டவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

3

அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சுரண்டி'.

காரணம் இருக்கிறது. மருந்தைக் கடைசியில் திரவத்திலிருந்து பொடியாக இறக்க வேண்டும். கரைசல் சில நாள் இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். கண்ணாடிபோலத் தெளிவாக நிற்கும். மற்றவர்கள் குளிரவைத்துவிட்டு வாசலில் போய் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் ஒரு கண்ணாடிக் கோலை எடுத்து, குடுவையின் உள்சுவரைக் கிறீச், கிறீச் என்று சுரண்டுவாள். அந்தக் கீறலில் முதல் படிகத்துக்குக் கால் வைக்க இடம் கிடைத்துவிடும். ஒன்று வந்துவிட்டால் போதும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் பொலபொலவென்று இறங்கும். அந்த முதல் படிகத்துக்கு அவர்கள் பாஷையில் 'விதை' என்று பெயர்.

[சுரண்டல் என்ற சொல்லை வைத்து, முதலாளி அவள் உழைப்பை எப்படிச் சுரண்டினார் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. கதை தொழிற்சங்கக் கூட்டம்போல ஆனதால் எடுத்துவிட்டேன். ஆனால் பத்தி இருந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.]

அவளுக்கு முன்னால் இருந்த மருந்து வலிப்பை நிறுத்தியது. கூடவே மனிதனையும் நிறுத்திவிட்டது. சாப்பிடுகிறவர் கரண்டியும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருப்பார். அவள் அந்த மூலக்கூறின் ஒரு மூலையில் ஒட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்துப் பார்த்தாள். சட்டைக்குக் காலர் மாற்றுகிற வேலைதான். சட்டை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு காலர் வைத்தால் வலிப்பு நின்றது, ஈரல் கெட்டது. இன்னொன்றில் ஈரல் பிழைத்தது, வலிப்பு திரும்பியது. தலைமுடி நரைக்கத் தொடங்கியபோது பொருத்தமான காலர் அகப்பட்டது. வலிப்பு நின்றது, மனிதன் நடந்தான்.

நடந்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. 'தம்பிக்காகவே வேதியியல் படித்தாள்' என்று ஒரு வரி போட்டால் கதை சூடாக விற்கும். போட்டும் பார்த்தேன். ஆனால் தம்பிக்கு முதல் வலிப்பு வந்தபோது அவள் இந்த வேலையில் இறங்கி வருஷக்கணக்காகியிருந்தது. அவளுக்கு அந்த மூலக்கூறு பிடித்திருந்தது, அதனால் விடவில்லை. ஒரு பெண் ஒரு வேலையைப் பிடித்துச் செய்தாள் என்றால் நாம் நம்பத் தயங்குகிறோம். பின்னால் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறோம். அந்த வரியை அடித்துவிட்டேன்.

தம்பிக்கு மருந்து ஒத்துக்கொண்டது. பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, பள்ளிக்கூட வேன் ஓட்டினான். வேன் நிறையப் பிள்ளைகளை அவனை நம்பி ஏற்றிவிட்டார்கள். அவனைப் பொறுத்தவரை மருந்தின் வெற்றி என்பது அந்த வேன் சாவிதான்.

4

பிறகு பலகை வந்தது.

அதுவரை மருந்து ஊசி வடிவத்தில்தான் இறங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய ஊசிகள். ஒரு நாள், யாரும் எதையும் மாற்றாமல், அதே மருந்து தட்டையான பலகைகளாக இறங்கியது. மூலக்கூறு அதேதான், அடுக்கிய விதம் மட்டும் வேறு. ஊசி வயிற்றில் கரையும். பலகை கரையாது. மாத்திரை முழுசாக உள்ளே போய், முழுசாக வெளியே வந்துவிடும்.

பலகை ஒரு முறை பிறந்துவிட்டால் அந்த இடத்தில் ஊசி பிறக்காது. கண்ணுக்குத் தெரியாத பலகைத் துகள் காற்றில், மேசையில், சட்டை மடிப்பில் இருக்கும். கரைசலில் ஒன்று விழுந்தால் போதும், அதுவே விதை. மொத்தமும் பலகைதான்.

அவள் நம்பவில்லை. ஊசி இன்னும் வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போய், எப்படி இறக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று ஊசிதான் வந்தது. அவள் வந்துபோன மறுநாளிலிருந்து பலகை. பார்க்கப் போனவள் விதைத்துவிட்டு வந்திருந்தாள்.

அதே வாரம் தம்பி, வேனைக் கழுவிக்கொண்டிருந்தவன், வாளியோடு சாய்ந்தான். வேனில் பிள்ளைகள் இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் சாவியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டான். "பலகையா?" என்று மட்டும் கேட்டான்.

5

மிஞ்சியிருந்தது ஒரே இடம். வேறொரு ஊரில் கம்பெனி புதிதாகக் கட்டிய கூடம். பலகை பிறந்த வாடை படாத கட்டடம். அங்கே பொறுப்பில் இருந்தவர் அவளோடு பல காலம் வேலை பார்த்தவர், முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'மிளகாய்' என்பார்கள். சுரண்டுவது மூடநம்பிக்கை, பொறுமையாகக் குளிரவைத்தால் தானே இறங்கும் என்று அவளோடு மல்லுக்கு நிற்பவர். இப்போது அவருடைய குடுவை குளிர்ந்துபோய் நின்றது, ஒரு துகளும் இறங்கவில்லை. பழைய கூடத்திலிருந்து விதை வாங்கவும் முடியாது. எந்த விதையில் பலகை ஒளிந்திருக்கிறதோ. முதல் ஊசியை அங்கேயேதான் பிறக்க வைக்க வேண்டும்.

முதலாளி அவளைக் கூப்பிட்டு, போய் வாருங்கள் என்றார். குளித்துவிட்டுப் புதுத்துணி உடுத்திப் போனால் என்னவாகிவிடும், நீங்கள் என்ன அம்மை போட்டவரா என்று சமாதானம் சொன்னார். நல்ல சரக்கு பழைய இருப்பில் கொஞ்சம்தான் இருக்கிறது, இந்த ஒரு குடுவையும் கெட்டால் மருந்தையே நிறுத்த வேண்டியதுதான் என்பதையும் சொன்னார். போனாலும் கெடலாம், போகாவிட்டாலும் இறங்காது.

[இந்த இடத்தில் எழுதிக் கைவிட்டது: அவள் கண்ணாடி முன் நின்று, கத்தரியை எடுத்து, தலையை மொட்டையடித்துக்கொண்டு உள்ளே போகிறாள். கைதட்டல் நிச்சயம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே கிழித்தேன். முடியை எடுத்துவிட்டு மூச்சை என்ன செய்வாள்?]

6

போனாள். வேனை அவளே ஓட்டினாள். பக்கத்தில் தம்பி.

"கியரைப் போட்டுக் கலக்குறியே அக்கா, இது உன் குடுவை இல்ல" என்றான்.

"பேசாம வா. பதட்டமா இருக்கு."

"எனக்கும்தான். நீ ஓட்டுறதைப் பார்த்து."

கூடத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். தூறல். குளித்திருந்தாள், புதுத்துணி உடுத்தியிருந்தாள், புதுச் செருப்புக்கூட. இறங்குமுன் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினாள். அதன் கீலில் ஒரு வெள்ளைப் புள்ளி.

சோப்பாக இருக்கலாம். தூசியாக இருக்கலாம். எல்லாவற்றையும் மாற்றியவள் கண்ணாடியை மாற்றவில்லை. மாற்றினால் குடுவைக்குள் நடப்பது தெரியாது. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, வரச்சொல்லிக் கையசைத்தார்.

"ஜன்னலையாவது எறக்குக்கா. மூச்சு முட்டுது."

"தொடாதே."

தம்பி கையை எடுத்துவிட்டான். அவள் போனை எடுத்து மிளகாயை அழைத்தாள்.

"சார், நான் உள்ள வரல."

"மேடம், கரைசல் எருமை மாதிரி நிக்குது. நீங்க வரலன்னா நான் என்ன பண்றது?"

"சுரண்டுங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு என் கையாலயே செய்ய வெக்கிறீங்க."

"போனை ஸ்பீக்கர்ல போட்டுக் குடுவைக்குப் பக்கத்துல வைங்க."

சத்தம் வந்தது. மொத்தையாக, அமுங்கி.

"ரொம்பக் கீழ போறீங்க சார். சத்தம் முங்கிக் கேக்குது. மேல வாங்க, திரவத்தோட விளிம்புக்கு."

கிறீச். கிறீச். இப்போது சரியாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள். ஒவ்வொரு கிறீச்சின் நடுவிலும் ஒரு திக்கல் இருந்தது. சொல்லவந்து நாக்கில் தடுக்குகிறவரைப்போல.

[அவளுடைய சொந்தக் கோலின் முனை உடைந்திருந்தது என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். இப்போது திரும்பிப்போய் மூன்றாம் பகுதியில் செருகினால் தையல் தெரியும். இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.]

"சார், நிறுத்துங்க. அது யாரோட கோல்?"

சத்தம் நின்றது.

"உங்களோடதுதான் மேடம்." மிளகாயின் குரலில் காரமே இல்லை. "போன மாசம் அங்க வந்தப்ப உங்க மேசையிலேர்ந்து எடுத்தேன். ராசியான கோலுன்னு ஒரு இது. நானும் குளிச்சு எல்லாத்தையும் மாத்திட்டுத்தான் இங்க உள்ள வந்தேன், கோலை அமிலத்துல நல்லா கழுவிட்டேன். ரெண்டு வாட்டி கழுவினேன்."

போன மாதம் அந்த மேசை முழுக்கப் பலகை. மூடநம்பிக்கை என்று வாழ்நாள் முழுக்க அவளைக் கேலி செய்தவர், ராசிக்காக அதை எடுத்துப்போய் அந்தத் தூய கூடத்தின் ஒரே குடுவைக்குள் விட்டிருக்கிறார். அவள் கதவுக்கு வெளியே, ஜன்னல்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கோல் உள்ளே போய்விட்டது. திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"முனை உடைஞ்ச இடத்துல உள்ளயே ஒரு ஓட்டை இருக்கும் சார். அமிலம் அதுக்குள்ள போயிருக்குமா?"

"தெரியலயே மேடம்." பிறகு, அதே மூச்சில், "மேடம், விழுது."

"என்ன விழுது?"

"எறங்குது. பொலபொலன்னு எறங்குது. வெள்ளை வெளேர்னு."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். "ஊசியா அக்கா?"

வெறும் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும்.

"பார்க்கட்டுமா?" என்றார் மிளகாய். இதுவரை அவர் அவளிடம் அனுமதி கேட்டதே இல்லை.

"பாருங்க சார்."

ஒரு கண்ணாடித் துண்டை எடுக்கும் சத்தம். நடக்கும் சத்தம். நாற்காலியை இழுக்கும் சத்தம். அவள் ஒரு கையில் போனைப் பிடித்திருந்தாள். மறு கையைத் தம்பி பிடித்திருந்தான். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வது கஷ்டம். மிளகாய் குனிந்து, ஒரு கண்ணை மூடி—

7

இதற்குமேல் எழுத மாட்டேன்.

இரண்டு முடிவும் என்னிடம் தயாராக இருக்கிறது. ஊசி என்று எழுதினால், அமிலம் ஓட்டைக்குள் போயிருந்தது, தம்பி சாவியைத் திரும்ப வாங்குகிறான், முதலாளி மேடையில் பேசுகிறார். பலகை என்று எழுதினால், அவள் வாழ்க்கை முழுவதும் செய்த ஒரு பொருள் உலகத்தில் இனி இல்லை, அதை அழித்தது அவள் கைப்பட்ட கோல். இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்தேன். ஊசி என்று எழுதியபோது அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னதுபோல இருந்தது. பலகை என்று எழுதியபோது, உங்கள் கண்ணீரை வாங்கக் கடை விரித்ததுபோல இருந்தது. பொருள் எப்படி இறங்கியது என்பது குடுவைக்குத்தான் தெரியும், எனக்கு அல்ல.

ஆகவே கணக்கை முடித்துக் கொடுத்துவிடுகிறேன். வரவில்: ஒரு பெண் தாண்டாமல் விட்ட ஒரு கதவு, இரண்டு முறை அமிலத்தில் குளித்த ஒரு கோல், குடுவையின் அடியில் ஒரு பிடி வெள்ளை. செலவில்: அவள் வேலைநாள் மொத்தமும், மிளகாயின் பிடிவாதமும். பாக்கி: நுண்ணோக்கியில் ஒரு பார்வை. அதை உங்கள் பேரில் எழுதியிருக்கிறேன்.