பிரிச்சு விடணம்

மானேஜர் மோகனன் மலையாளத்தில் எழுதிக்கொடுத்த துண்டுக் கடலாசைச் சுகிர்தபாய் மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை எழுத்துக்கூட்டி, இரண்டாம் தடவை வாய்க்குள், மூன்றாம் தடவை பொருள் பிடிபட்டுவிட்ட சந்தோஷத்தில். அவளுக்கு மலையாளம் பேச வரும். பாறசாலைச் சந்தையில் மீன்காரியோடு சண்டை பிடித்து ஜெயிக்கிற அளவுக்கு வரும். வாசிப்பதுதான் தகராறு. அப்பா மிஷன் சபையில் உபதேசியார். மகளைத் தமிழ் வேதப்புத்தகத்தில்தான் எழுத்துப் படிக்க வைத்தார். மலையாள எழுத்தை அவள் கடைப்பலகைகளைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டாள்.

"ரத்னபாயியெயும் சரோஜத்தெயும் இன்னு முதல் பிரிச்சு விடணம்." கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

நியாயமான காரியம் என்றுதான் அவளுக்குப் பட்டது. இதை அவளே எப்போதோ செய்திருக்க வேண்டும். அந்த அண்டியாபீஸில் நாற்பது பெண்கள் நாலு வரிசையாகக் குந்தியிருந்து கொல்லாம்பருப்பின், அதாவது முந்திரிப்பருப்பின், தொலியை உரிப்பார்கள். முப்பத்தெட்டுப் பேர் உரிப்பார்கள் என்றுதான் சொல்லவேண்டும். மற்ற இரண்டு பேரும் பேசுவார்கள். காலையில் பலகையைப் போட்டு முட்டோடு முட்டு இடிக்க உட்கார்ந்தால், மணி அடித்து எழும்பும்வரை ரத்னபாயின் வாயும் சரோஜத்தின் வாயும் மூடாது. ஒருத்தி நிறுத்தினால் அது மற்றவள் தொடங்குவதற்காக. நடுவில் கத்தி தவறி முழுப்பருப்பு இரண்டாக உடையும். உடைந்ததைப் பார்த்து அதற்கும் ஒரு சிரிப்பு. மேஸ்திரி என்கிற முறையில் சுகிர்தபாய் எத்தனையோ தடவை அதட்டிப் பார்த்துவிட்டாள். அதட்டினால் இரண்டும் சேர்ந்து அவளைப் பார்த்து அத்தனை பிரியமாகச் சிரிக்கும், என்ன செய்வது.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருஷம் அது. தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரிக்கவேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். பாறசாலை முக்கில் காலையில் ஒரு கொடி பறந்தால் சாயங்காலம் வேறொரு கொடி. முன்பிருந்த மானேஜர் வாசல்படியில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். காரியம் எல்லோருக்கும் புரியும். மோகனன் கொல்லத்திலிருந்து வந்த பையன். இருபத்தாறு வயசு இருக்கும். ஷெட்டுக்குள் வரவே கூச்சம். முற்றத்துக்கு அந்தப்புறம் தன் அறையில் இருந்துகொண்டு துண்டு துண்டாக எழுதி அனுப்புவான். வாசித்துவிட்டுத் தராசுப் பக்கத்துக் கம்பியில் குத்திவைப்பது சுகிர்தபாயின் வேலை. அன்றைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையோடு குடையையும் எடுத்துக்கொண்டு கொல்லத்துக்குப் பஸ் ஏறினான், முதலாளியைப் பார்க்க.

சுகிர்தபாய் கடலாசைக் கம்பியில் குத்தினாள். நேராகப் போய் இரண்டு பேருக்கும் முன்னால் நின்றாள்.

"எட்டி ரத்னம், பலகைய எடு. தெக்க தராசுக்குக் கிட்ட போயி இரி. சரோஜம் வடக்க, அடுப்புச் செவருக்குக் கிட்ட."

"என்னத்துக்கு அக்கா?"

"மானேஜருக்க உத்தரவாக்கும். ரெண்டு பேரையும் பிரிச்சு விடணுமாம்."

ரத்னபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. சரோஜம் பலகையை எடுத்து நாலடி நடந்து, திரும்பிப் பார்த்து, மறுபடியும் நடந்தாள். ஒரே ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போவதற்கு இப்படியா என்று சுகிர்தபாய்க்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

அன்று மத்தியானம் வரை ஷெட்டில் கத்திச் சத்தம் மட்டும்தான். பிறகு ரத்னபாய் பக்கத்தில் இருந்த விலாசினியிடம் ஏதோ சொன்னாள். விலாசினி அடுத்தவளிடம் சொன்னாள். இப்படியே வாய்க்கு வாய் கடந்து, பத்து நிமிஷத்தில் வடக்குக் கோடியில் சரோஜம் தலையை ஆட்டுவது தெரிந்தது. அவள் பதில் அதே வழியில் தெற்கே திரும்பியது. வழியில் சொல் என்ன பாடு படும் என்று கேட்கவா வேண்டும். ரத்னபாய் 'எனக்குத் தலைவலி' என்று அனுப்பியது, போய்ச் சேரும்போது 'ரத்னபாய்க்குத் தலைப்பிரசவம்' என்று ஆகியிருந்தது. மூன்று பெற்றவளுக்கு! ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் ஒன்று: நடுவில் இருக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்ப முடியாது என்பதால் கை அது பாட்டுக்கு ஓடியது. உடைவு குறைந்தது.

மார்த்தாண்டத்தில் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டுவிட்டது என்ற செய்தி வந்ததும் பஸ் நின்றது. போன மோகனன் வரவில்லை. தராசு எழுத்துக்காரன் வேலாயுதனும் சுரத்தில் படுத்துவிட்டான். சுகிர்தபாய்தான் எடையும் போட்டு ஷெட்டையும் பார்த்தாள். ஒன்பது நாள் ஓடிப்போயிற்று.

பத்தாம் நாள் காலை வேலாயுதன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தான். கம்பியில் கிடந்த கடலாசுகளை ஒவ்வொன்றாக உருவி வாசித்தவன், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தான், வடக்கே பார்த்தான்.

"அக்கா, இது வந்து எத்தன நாளாச்சு?"

"அது தீந்த காரியம். அன்னைக்கே பிரிச்சு விட்டாச்சு."

"பிரிச்சு விட்டா அவிய எப்படி இங்க இருக்காவ?"

"ஏன், ஆளுக்கொரு கோடியில இருக்காளுவளே."

வேலாயுதன் தலையில் கைவைத்தான். "அக்கா, சந்தையில பேசுக மலையாளம் இல்ல இது. ஆபீஸ் மலையாளமாக்கும். பிரிச்சு விடுகதுன்னா வேலையில இருந்து நீக்குகது. சீட்டுக் கிழிக்கது."

சுகிர்தபாய் அவன் கையிலிருந்த கடலாசை எட்டிப் பார்த்து அந்தச் சொல்லை மறுபடியும் எழுத்துக்கூட்டினாள். தெருவெல்லாம் அந்தச் சொல்லைத்தான் போட்டுக் கத்துகிறார்கள், தனக்கு மட்டும் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று இருந்தது.

"மானேஜர் மத்தியானம் வாறாராம். முதல் பஸ் ஓடியாச்சு. நான் இதக் கிழிச்சுப் போடுகேன். கடலாசே வரல்லன்னு சொல்லுங்க," என்றான் வேலாயுதன்.

"வேண்டாம் பிள்ள. உபதேசியாருக்க மொவ கடலாசத் தின்னுட்டுப் பொய் சொன்னாளுன்னு பேரு வேண்டாம்."

அப்படியென்றால் உத்தரவை இப்போதாவது நிறைவேற்றவேண்டும். அவள் தராசைத் தாண்டி ரத்னபாயிடம் போனாள். ரத்னபாயின் வீட்டில் இப்போது அவள் கூலிதான் சோறு. புருஷன் கனகதாஸுக்குப் போராட்டம்தான் வேலை. ஓட்டுச் சூளையில் அவனை வேலையை விட்டு நிறுத்தி இரண்டு மாசம். சரோஜத்தின் மாப்பிள்ளை பாலராமபுரத்தில் தறி நெய்கிறான். பஸ் நின்றதிலிருந்து ஆளும் வரவில்லை, அனுப்புவதும் வரவில்லை. இதெல்லாம் ஷெட்டுக்கே தெரியும்.

ரத்னபாய் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, எங்களுக்க சிட்சை முடிஞ்சுதா? எப்பம் சேர்த்து இருத்துவிய?"

சுகிர்தபாய் அவள் முன்னால் சிதறிக் கிடந்த பருப்பைக் கையால் ஒதுக்கிக் கூட்டினாள். "வேலையப் பாரு மக்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நூறு தடவை அதட்டிய வாய், ஒரு தடவை போகச் சொல்ல முடியாமல் நின்றது.

மோகனன் பன்னிரண்டு மணிக்கு வந்தான். சட்டையெல்லாம் தூசி. பஸ் நெய்யாற்றின்கரையோடு திரும்பிவிட, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறான். ஷெட் வாசலில் நின்று உள்ளே பார்த்தவன் முகம் மாறியது.

"சுகிர்தபாய், ஞான் பிரிச்சு விடான் எழுதியதல்லே? இவர் ரெண்டு பேரும் இவிடெத்தந்நெ உண்டல்லோ."

"பிரிச்சுத்தான் விட்டேன் சாரே. அவ தெக்க, இவ வடக்க."

அவன் தெற்கே பார்த்தான். வடக்கே பார்த்தான். நாற்பது கத்திகளும் நின்றிருந்தன.

"அதல்ல அர்த்தம்."

"இன்னைக்குக் காலத்ததான் தெரிஞ்சுது. நீங்க எழுதினது எனக்குத் தமிழில கேட்டுப்போச்சு. தெற்று எனக்கதாக்கும். ஆரையாவது நீக்கணும்னா என்னைய நீக்கணும்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு வருஷ வேலை. இருந்தாலும் தொடங்கியாகிவிட்டது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாரே. அவளுவ என்ன செய்தாளுவ?"

மோகனன் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஞான் ஷெட்டின்றெ முன்னில் வந்நு குட நிவர்த்தி. அவர் எந்நெ நோக்கிச் சிரிச்சு. எல்லாவரும் இப்போள் எந்நெ நோக்கிச் சிரிக்குந்நு. சந்தையிலும், பஸ்ஸிலும்."

அடப் பாவமே, இதுக்கா! சுகிர்தபாய்க்கு அந்த நிமிஷம் அவன் மேல் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. தெரியாத ஊரில் தனி அறையில் இருந்து, ஆறிய சோற்றைத் தின்றுகொண்டு, யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு, பாவம், இந்தப் பிள்ளை எத்தனை நாளாக இப்படி இருக்கிறதோ.

"ஒங்களப் பாத்துச் சிரிக்க என்ன இருக்கு மக்கா?" என்றாள். மானேஜரை மக்கா என்றதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். "இரிங்க, கேட்டுச் சொல்லுகேன்."

நேராக ரத்னபாயிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஒன்பது நாள் பழக்கம், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அன்னைக்கு மானேஜர் குட விரிச்சப்பம் எதுக்குச் சிரிச்சாளுவன்னு கேளு." கேள்வி வரிசை வரிசையாகத் தெற்கே போனது. ரத்னபாய் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் புறப்பட்டது, சரோஜமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல் வடக்குக் கோடிக்குப் போய்த் திரும்பியது.

அது எந்தக் கதை என்று சுகிர்தபாய்க்கு அப்போதுதான் பொறிதட்டியது. அந்தக் கதை யாருக்குத்தான் தெரியாது. ரத்னபாயின் ஆடு, கொடியில் காய்ந்த கனகதாஸின் வெள்ளைச் சட்டையில் ஒரு கையை முழுசாகத் தின்றுவிட்டது. கனகதாஸ் அதையே போட்டுக்கொண்டு களியக்காவிளைப் போராட்டக் கூட்டத்துக்குப் போய், கோஷம் போட அந்தக் கையையே தூக்கியிருக்கிறான். அதைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் போராட்டக் கூட்டம் என்ற சொல் இந்த மானேஜர் காதில் விழுந்தால், முதலாளிக்கும் போகும், போலீசுக்கும் போகும். அவள் அதை நினைப்பதற்குள் பதில் கிளம்பிவிட்டது. ஒவ்வொரு வாயாக நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கர்த்தாவே, என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

கடைசி வாய் ஆனந்தபாயினுடையது. அவள் எழுந்து நின்று, மானேஜரைப் பார்த்தே சொன்னாள்.

"ரத்னத்துக்க ஆடு, மாப்பிளைக்க சட்டையில ஒத்தக் கையத் தின்னுபோட்டு சார். அவரு அதையே போட்டுட்டுக் கோயிலுக்குப் போயி, ஜெபத்துக்குக் கை தூக்கினாராம்."

கூட்டம் எங்கோ வழியில் உதிர்ந்துபோயிருந்தது. நாலு வரிசையில் எந்த வாய் அதைக் கோயிலாக மாற்றியது என்று சுகிர்தபாய்க்குக் கடைசிவரை தெரியவில்லை. நாற்பது பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஆடோ?" என்றான் மோகனன். "ஆடு சட்டையின்றெ கை தின்னோ?" பிறகு அவன் உதடு தானாக ஒரு பக்கம் இழுத்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்தான். ஷெட் சிரித்தது. இந்தத் தடவை அவனும் அதற்குள் இருந்தான்.

போகும்போது பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முட்டில் வைத்து எழுதி, சுகிர்தபாயிடம் நீட்டிவிட்டு முற்றத்தைத் தாண்டிப் போனான். ஒரே ஒரு வரி. அவள் எழுத்துக்கூட்டினாள். 'ரெண்டு பேரெயும் சேர்க்கணம்.' பொருள் பிடிபட்டது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. தராசடிக்குப் போய் வேலாயுதனிடம் காட்டினாள்.

"பிள்ள, இது ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதானா?"

வேலாயுதன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணுதான் அக்கா."

சரோஜம் பலகையைத் தூக்கிக்கொண்டு வடக்கிலிருந்து ஓடாத குறையாக வந்தாள். பழைய இடத்தில் இரண்டு பேரும் முட்டோடு முட்டு இடித்து உட்கார்ந்தார்கள். வெளியே ரோட்டில் ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கத்தியும் அசையவில்லை. ஒன்பது நாளும் இவர்கள் பேச்சைச் சுமந்த முப்பத்தெட்டுப் பேரும், தங்கள் வாய்வழி இல்லாமல் நேராகப் போகப்போகிற முதல் சொல் என்ன என்று கழுத்தை நீட்டியிருந்தார்கள். ரத்னபாய் சுற்றிப் பார்த்தாள். பிறகு கையால் மறைத்துக்கொண்டு சரோஜத்தின் காதோரம் குனிந்தாள். அதட்ட வேண்டிய சுகிர்தபாயும் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஓரடி முன்னால் நகர்ந்து நின்றாள்.