நாணில் இரண்டு முடிச்சு

ஜன்னல் கம்பியில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் கோத்து, மர்சலின் வில்லின் நாணை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். பல்லுக்கு நடுவே சிவப்புப் பட்டு நூல். பகல் முழுக்கக் கான்வென்ட் பெண்களுக்குப் பொத்தான் துளை தைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்த விரல்கள், வீட்டிலும் நூலைப் பார்த்ததும் சலித்துக்கொண்டன. புருஷனை நோக்கி எய்யப்போகும் வில்லுக்குத் தன் கையாலேயே நாண் கட்டித் தருகிறவள் மயிலாப்பூரிலேயே தான் ஒருத்திதான் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை. இடுப்பு வலித்தது, அவ்வளவுதான்.

ஜனவரியில் செபஸ்தியார் திருநாள். கடலோரத்து அந்தச் சின்னக் கோவிலில் வருஷா வருஷம் தேர் முடிந்ததும், மைதானத்தில் புனிதரைக் கம்பத்தில் கட்டி அம்பெய்கிற காட்சி நடக்கும். புனிதர் வேஷம் அவள் கணவன் ராஜநாயகத்துக்கு. பங்குப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான் செபஸ்தியார். வேறு யாரும் சட்டையில்லாமல் ஊர்முன் நிற்க ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பதவி அவரிடமே தங்கிவிட்டது. அம்புகள் தகரத்தில் செய்தவை. மார்போடு ஒட்டிப் படுத்திருக்கும். பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் கீலில் எழுந்து நிற்கும். போன வருஷம் நடு மார்பில் எழுந்த அம்பு ஒன்று, ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, மெதுவாகத் தலையைத் தொங்கப் போட்டது. மைதானமே சிரித்தது. புனிதர் உயிர்விடும் கட்டத்தில் சாமியாரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் வகுப்பில் ராஜநாயகம் ஆப்பிரிக்காவின் ஆறுகளைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கடைசி பெஞ்சில் ஒருவன் பென்சிலை நிமிர்த்தி, மெல்லச் சாய்த்தான். அதிலிருந்து நைல் நதி வரும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கிறது.

இந்த வருஷம் அப்படி நடக்காது என்று பவுல்சாமி அறிவித்துவிட்டார். பவுல்சாமி சுங்க இலாகாவில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூடத்தின் மானேஜர், கோவிலுக்கு மின்விசிறி போட்டுத்தருவதாக வாக்குக் கொடுத்திருப்பவர். நாற்பத்தேழு பிறந்ததும் பிறக்காததுமாக அடையாற்றுப் பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பங்களா ஏலத்தில் கம்பிவலை போட்ட இறைச்சி அலமாரி வாங்கப்போன பவுல்சாமி, இறைச்சி அலமாரி கைநழுவிப் போனதில் கோபித்துக்கொண்டு ஆளுயர வில் ஒன்றை வாங்கிவந்தார். வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தார். “வெள்ளைக்காரன் கையில இருந்த வில் நம்ம கைக்கு வந்திருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?” எதற்கு அத்தாட்சி என்று யாரும் கேட்கவில்லை. ‘உண்மையான வில்! உண்மையான அம்பு! ரோமாபுரித் தளபதியாக ஸ்ரீமான் பவுல்சாமி அவர்களே!’ என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஒரே ஓர் அம்புதான். புனிதரின் தலைக்குப் பக்கத்தில் கம்பத்தில் அறைந்த பலகையில் அது போய்க் குத்தவேண்டும். சாமியார் முதலில் தயங்கினார். பிறகு தலைக்குமேலே, மின்விசிறி வரவேண்டிய இடத்தைப் பார்த்தார். “செபஸ்தியார் பார்த்துக்குவார்” என்றார். செபஸ்தியார் தன் விஷயத்தில் அவ்வளவாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வில்லோடு வந்த நாண் இற்றுப்போயிருந்தது. லஸ் மூலையில் பூட்ஸ் தைக்கும் மெஹபூப் அலி மெழுகு நூலைப் பிரி பிரியாக முறுக்கிப் புது நாண் கொடுத்தார். ஆனால் நாணின் நடுவில் அம்பின் வால் பொருந்தும் இடத்தில் வேறு நூல் சுற்றவேண்டும். சுற்றின்மேல் சின்னதாக ஒரு முடிச்சும் வேண்டும். அம்பு ஒவ்வொரு தடவையும் அந்த முடிச்சை ஒட்டி உட்கார்ந்தால்தான் ஒரே இடத்துக்குப் போகும். முடிச்சில்லாமல் திருவான்மியூர் மணலில் பழகிப் பார்த்தபோது பவுல்சாமியின் அம்புகளில் ஒன்று சவுக்குத் தோப்புக்கும் ஒன்று கடலுக்கும் போயின. ஒன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ‘நூல் வேலை’ என்றதும் எல்லோரும் மர்சலினைப் பார்த்தார்கள்.

முதலில் ரீல் நூலைச் சுற்றினாள். பங்கீட்டுக்குக் கிடைத்த கண்ட்ரோல் கடை நூல். இரண்டு இழுப்பில் நார்நாராகப் போயிற்று. மீன்கூடையோடு வாசலுக்கு வந்த கெங்கம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா டீச்சரம்மா, வாத்தியார கம்பத்துல கட்டி அம்பு வுடப்போறாங்களாமே? இன்னா தப்பு பண்ணாரு?”

“தப்பு ஒண்ணும் இல்ல கெங்கம்மா. சாமி வேஷம்.”

“தப்பே பண்ணாதவருக்கே இந்த கெதின்னா, எங்கூட்டு ஆளுக்கு எத்தினி வுடணும்! இட்டுனு வரட்டா?” கூடையை இறக்கிவைத்து நாணைத் தடவிப் பார்த்தாள். “இந்த நூலு ஆவாது. எங்கூட்டு வல நூலு தரேன். சொறா வந்து இழுத்தாலும் அறுவாது.”

சொன்னபடி மறுநாள் கொண்டுவந்தாள். அறவில்லை, உண்மை. ஆனால் அம்பின் பிளவு அதன்மேல் ஏறவே இல்லை, அத்தனை தடிமன். மர்சலின் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் மீன்வாசத்துக்கு வந்த பூனை நாணை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கொல்லை வரைக்கும் போய்விட்டது. “பாத்தியா, பூனை இழுத்தும் அறுவல” என்றாள் கெங்கம்மா.

கடைசியில் பட்டுதான். பழைய நாணின் நடுவிலும் மங்கின சிவப்பில் பட்டு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. திருநாளுக்காகப் பீடத் துணியில் ரோஜாப்பூ போட வைத்திருந்த நூற்கண்டிலிருந்து மர்சலின் வேண்டியதை வெட்டிக்கொண்டாள். துணியில் ஒரு ரோஜா மொட்டாகவே நின்றுவிட்டது. பட்டு வழுக்கும், மெழுகில் இழுத்தால் பிடிக்கும். நெருக்கமாகச் சுற்றி, நகத்தால் தள்ளி, முடிச்சைத் தளரவிட்டு மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். ராஜநாயகமே மணலில் எய்து பார்த்துச் சொன்னார். முடிச்சு சரியான இடத்தில் இருந்தால் பலகை. ஒரு நெல்லளவு கீழே இறங்கினால், அம்பின் வால் தாழ்ந்து, மூக்கு தூக்கி, பலகைக்கு மேலே பறந்துவிடும். ஒரு நெல். அவர் அதைச் சொன்னபோது முகத்தில் பூகோளம் சொல்லித்தரும்போது இல்லாத வெளிச்சம் இருந்தது.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பவுல்சாமி வந்தார். வழக்கமாகக் குடை பிடித்து வரும் பியூன் இல்லை, தனியாக வந்தார். நாற்காலியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மர்சலின் காப்பி வைத்தாள். அவர் கை டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பிடித்தது. பிறகு மேஜையைத் தடவி டம்ளருக்கு வந்தது. அவள் நாணைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

“என்ன நூல் போட்டிருக்கீங்க டீச்சர்?”

“பட்டு ஐயா.”

“பட்டு. ரொம்ப நல்லது.” கொஞ்சநேரம் காப்பியை ஊதினார். “இப்பல்லாம் விளக்கச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது. கவனிச்சீங்களா? கண்ட்ரோல் பல்பு. சரக்கே சரியில்ல.”

அவள் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டாள். வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

“அந்த முடிச்சு... சும்மா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். கொஞ்சம் கீழ இறங்கிடுச்சுன்னா?”

“அம்பு மேல போயிடும் ஐயா.”

“எவ்வளவு மேல?”

“பலகைக்கு மேல. அவர் தலைக்கும் மேல. கடல் பக்கமாப் போயிடும்.”

“கடல் பக்கம்” என்றார் பவுல்சாமி. யாரோ ஒரு நல்ல ஊரின் பெயரைச் சொன்னதுபோல் இருந்தது. “கடல் விசாலமானது.”

“வேணாம்னு சொல்லிடுங்களேன் ஐயா. தகர அம்பே போதுமே.”

அவர் நிமிர்ந்தார். சூப்பரிண்டெண்டெண்ட் திரும்பி வந்துவிட்டார். “நோட்டீஸ் அடிச்சிருக்கு. பிஷப் பங்களாலேருந்து செக்ரட்டரி வரார். நான் எப்படிம்மா...” முடிக்கவில்லை. எழுந்து, வாசற்படி எங்கே முடிகிறது என்று செருப்பால் தேடி இறங்கிப் போனார். பட்டைப் பற்றி மறுபடியும் ஒரு தடவை, “நல்லது, நல்லது” என்றார்.

ராஜநாயகம் வந்ததும் அவள் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள். “முடிச்சக் கீழ இறக்கிடறேங்க. அவருக்குக் கண்ணு தெரியல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தெரியலைன்னு தெரியும். எல்லாருக்கும் தெரியும். நேத்து என்னைப் பாத்து, ‘என்னம்மா லூயிசா, அப்பா சௌக்கியமா’ன்னு விசாரிச்சார்.”

“அப்புறம் எதுக்கு நிக்கணும்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நானே எய்து பாத்துட்டேன் மர்சலின். முடிச்சு சரியா இருந்தா, வில்லு தானே கொண்டுபோய்ச் சேத்துடும். அவர் நேரா நின்னு இழுத்தாப் போதும். காதுகிட்ட வந்து குத்தட்டும். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேக்கணும். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், யாரும் சிரிக்காம இருக்கணும்.” பிறகு, கெஞ்சுவதுபோல் இல்லாமல் இருக்கக் குரலைத் தாழ்த்தி, “இறக்கிடாதே” என்றார்.

எய்கிறவர் அம்பு குறி தப்பவேண்டும் என்கிறார். நிற்கிறவர் தப்பக்கூடாது என்கிறார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் காரியம் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்திருக்கும். இரண்டு பேரும் அவளிடம் வந்து நூலைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் தெரியாமல் முடிச்சை இறக்கிவிட அவளால் முடியும். இறக்கினால் புருஷன் பிழைத்துக்கொள்வார். ஆனால் அடுத்த ஜனவரி வரைக்கும், ஒருவேளை அதற்கப்புறமும், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அவருடைய அந்த முகத்தைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்கவேண்டும். இறக்காவிட்டால்... அதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கிற அளவுக்குக்கூட உடம்பில் தெம்பில்லை. முதல் முடிச்சை அதன் இடத்திலேயே இறுக்கினாள். அதற்கு ஒரு நெல் கீழே, இன்னொரு முடிச்சைப் போட்டாள். இது நியாயமா என்று தெரியவில்லை. வில் யார் கையில் இருக்கிறதோ அவரே சுமக்கட்டும் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மைதானம் நிரம்பிவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஏற்றினார்கள். செக்ரட்டரி சாமியார் மாலையோடு முன்வரிசை நாற்காலியில் இருந்தார். ராஜநாயகத்தைக் கம்பத்தில் கட்டியாகிவிட்டது. கீற்றுத் தட்டியின் பின்னால் பவுல்சாமி தகரத் தலைக்கவசத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். அது முன்னொரு வருஷம் யாரோ ஓர் ஒல்லியான தளபதிக்குச் செய்தது. மர்சலின் வில்லைக் கொடுத்தாள்.

“ரெண்டு முடிச்சு இருக்கு ஐயா. மேல் முடிச்சுல வச்சா பலகைக்குப் போகும். கீழ் முடிச்சுல வச்சா கடலுக்குப் போகும். பாக்கவேண்டாம், விரலுக்கே தெரியும்.”

கவசத்துக்குள் அவர் முகம் அசையவில்லை. “யாருக்குத் தெரியும் இது?”

“உங்களுக்கும் எனக்கும்.”

அவர் தலையாட்டினார், கவசம் மட்டும் ஆடியது.

பாண்டு வாத்தியம் நின்றது. பவுல்சாமி மைதானத்தின் நடுவுக்கு நடந்து, செக்ரட்டரிக்கு வணக்கம் செலுத்தி, அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கும் ஒன்று செலுத்தி, கம்பத்தின் பக்கமாகத் திரும்பினார். அம்பை நாணில் வைத்தார். மர்சலின் அவர் கட்டைவிரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. விரல் நாணைத் தடவி மேல் முடிச்சில் போய் நின்றது. கூட்டத்திலிருந்து யாரோ, “தளபதி பவுல்சாமி வாழ்க!” என்றார்கள். அவர் மார்பு விரிந்தது. அவர் தன்னைத் தளபதியாகவே நம்பத் தொடங்குவதை அவள் பார்த்தாள். விரல் மேல் முடிச்சிலேயே இருந்தது. செக்ரட்டரி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தாள்.

பிறகு அந்த விரல், எதையோ துடைப்பதுபோல, ஒரு நெல்லளவு கீழே இறங்கியது.

அம்பு பலகைக்கு மேலே, விளக்குகளுக்கு மேலே, கடல் பக்கத்து இருட்டுக்குள் போயிற்று. “அம்பு எங்க போச்சி?” என்றது கெங்கம்மாவின் குரல். யாரோ சிரிக்க ஆரம்பிக்கும் முன்பே இன்னொரு குரல் கிளம்பியது. “செபஸ்தியார் தட்டி வுட்டாரு! கண்ணால பாத்தேன்!” அவ்வளவுதான். நாலு பேர் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் புனிதரின் கையையே பார்த்திருந்தார். பவுல்சாமி ஒரு கணம் தடுமாறினார். பிறகு அந்த அற்புதத்தை, ஏலத்தில் வில்லை எடுத்ததுபோலவே, சட்டென்று எடுத்துக்கொண்டார். முழங்காலிட்டுச் சிலுவை போட்டார். பாண்டு பாட்டெடுத்தது. அம்பைக் கண்டெடுக்கிறவனுக்குப் புண்ணியம் என்று பெட்ரோமாக்ஸ்களைத் தூக்கிக்கொண்டு சனம் கடலை நோக்கி ஓடியது. தகர அம்புகளின் கயிற்றை இழுக்க வேண்டியவனும் ஓடிவிட்டான்.

மைதானத்தில் வெளிச்சம் குறைந்துவிட்டது. மர்சலின் கட்டை அவிழ்க்கக் கம்பத்தின் பின்னால் போனாள். முடிச்சில் கை வைத்தவள் நிமிர்ந்து பார்த்து, அப்படியே நின்றாள். ராஜநாயகம் கண்ணை இறுக மூடியிருந்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேஷத்துக்கு அப்படிச் சாயவேண்டியதில்லை. புனிதர் வானத்தைத்தான் பார்க்கவேண்டும். அவர் தலையைப் பலகையின் பக்கமாகத் தானே கொண்டுபோய், அம்பு வந்து குத்தவேண்டிய அந்தப் புதுமரத்தின்மேல் காதை அழுத்தி, அந்தச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காதவர்போல நின்றிருந்தார்.

“இன்னும் விடலையா?” என்றார், உதடு அசையாமல்.

கடலோரத்தில் விளக்குகள் அங்குமிங்கும் குனிந்து தேடிக்கொண்டிருந்தன.